வட்டம் போட்டு எழுதிய பனி

1. எட்டு ஐம்பத்திரண்டு

காலை எட்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு என் கைப்பேசி அடித்தது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த நிமிடம் ஒரு வண்டியை உள்ளே எடுத்து, அதன் ஜாப் கார்டில் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். 8.52 என்று எழுதிய அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

திரையில் டிரைவர் செல்லையா அண்ணனின் பெயர். பேசியது என் மகள் நிவேதா.

"அம்மா, வண்டி நின்னுடுச்சு. முன்னாடியெல்லாம் பொகையா வருது."

அன்றைக்கு அவளுக்குப் பிளஸ் டூ இயற்பியல் தேர்வு. பத்து மணிக்கு ஊட்டியில் தேர்வு அறைக்குள் இருக்க வேண்டும். பத்தரைக்கு மேல் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று பள்ளியில் பெற்றோர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். வண்டி நின்ற இடம் முத்தோரை பாலாடாவுக்கு முன்னால் வரும் ஏற்றம். ஊட்டிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

நான் ஊட்டியில் ஒரு ஒர்க் ஷாப்பில் சர்வீஸ் அட்வைசர். வாடிக்கையாளர் சொல்லும் குறையைக் கேட்டு, ஜாப் கார்டில் எழுதி, மெக்கானிக்கிடம் கொடுப்பது என் வேலை. மெக்கானிக் நேராக வாடிக்கையாளரிடம் பேசுவது குறைவு. கார்டில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு வண்டி. பத்தொன்பது வருடமாக இதைச் செய்கிறேன். படித்தது இயற்பியல் பட்டம். அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

எங்கள் வீடு மஞ்சூரில். கணவருக்குத் திருப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். நான் அதிகாலை பஸ்ஸில் வந்து ஒர்க் ஷாப்பின் ஆபீஸைத் திறக்க வேண்டும். நிவேதாவும் எங்கள் தெருவில் உள்ள இரண்டு பெண்களும் தினமும் பஸ்ஸில்தான் ஊட்டிப் பள்ளிக்கு வருவார்கள். தேர்வு நாட்களுக்கு மட்டும் செல்லையா அண்ணனின் காரை ஏற்பாடு செய்தோம். ஏற்பாடு செய்தது நான்தான். "பஸ்ஸை நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம். எங்க ஒர்க் ஷாப்புல இப்பத்தான் சர்வீஸ் முடிச்ச வண்டி. நானே கார்டு போட்டேன்" என்று மற்ற இரண்டு தாய்மார்களிடமும் சொன்னேன். அவர்கள் என் வார்த்தையை நம்பித்தான் பிள்ளைகளை ஏற்றினார்கள்.

2. பனிக் கேஸ்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மலையில் மட்டும் நடக்கக்கூடிய தவறு இது. சமவெளியில் வேலை பழகியவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி பாதி வரை இங்கே உறைபனி. அந்த மாதங்களில் மூன்று குறைகளோடு தினம் நாலு வண்டியாவது வரும். காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை. ஆயில் கேப்பைத் திறந்தால் உள்பக்கம் தயிர் ஆடை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. ஹீட்டரில் சூடு பத்தவில்லை. மூன்றுக்கும் பெரும்பாலும் குளிர்தான் காரணம். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று இரண்டு கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே படிகிற ஈரம் வெளியேறாமல் ஆயிலோடு கலந்து கேப்பில் ஆடை கட்டும். துணியால் துடைத்துவிட்டு, "ஒரு நாள் குன்னூர் வரைக்கும் நிறுத்தாம ஓட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினால் சரியாகிவிடும்.

இதையே ஒவ்வொரு கார்டிலும் எழுதி அலுத்துப்போய் நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். 'பனி' என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம். அதைப் பார்த்தால் மெக்கானிக் ஆயில் கேப்பைத் துடைப்பார், மூடுவார், கையெழுத்துப் போடுவார். வேறு எதையும் திறக்க மாட்டார். முதலாளிக்கு இது மிகவும் பிடித்துப்போனது. "நம்ம மாலதி ஒரே வட்டத்துல வண்டிய வெளிய அனுப்பிருவாங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

செல்லையா அண்ணன் வண்டியைக் கொண்டு வந்தது பிப்ரவரி கடைசியில். பனி நின்று பத்து நாள் ஆகியிருந்தது. அவருக்கு அறுபதுக்கு மேல் வயது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலில் வந்தவர். எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றபின், பதினெட்டு வருடப் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று தெரிந்தவர்களுக்கு மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். நிதானமாகப் பேசுவார். ஒரு குறையைச் சொல்ல ஆரம்பித்தால் அது எந்த வளைவில் முதலில் தெரிந்தது என்பதில் தொடங்குவார்.

"தங்கச்சி, மூணு பிழை இருக்கு" என்றார். "வெள்ளன ஸ்டார்ட் பண்ணுனா வெள்ளப் பொக. அது போகட்டும். இந்த ஹீட்டர் இருக்கே, மேட்டுல ஏறையில குளுந்த காத்து அடிக்குது, எறங்கையில சூடு வருது. இது என்னா கூத்துன்னு வெளங்கல. பொறகு, ரேடியேட்டர் வாரத்துக்கு ஒரு போத்தல் தண்ணி குடிக்குது. தரையில ஒரு சொட்டு ஒழுக்கு இல்ல. எங்க போகுதுன்னு தெரியல."

என் மேசைக்கு முன்னால் சென்னையிலிருந்து சுற்றுலா வந்த ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். எனக்கு அவசரம்.

"ஏறும்போது மூச்சு வாங்குது, அதான் தண்ணி கேக்குது. உங்களுக்கும் வண்டிக்கும் ஒரே வயசு போல இருக்கேண்ணே" என்றேன்.

நின்றவர்கள் சிரித்தார்கள். செல்லையா அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கார்டைப் பார்த்தார். நான் வட்டத்தைப் போட்டு முடித்திருந்தேன்.

"பனியெல்லாம் முடிஞ்சு போச்சே தங்கச்சி?"

"அண்ணே, நான் இதைத் தினம் பாக்கறேன். நீங்க போய் டீ சாப்பிட்டு வாங்க."

எங்கள் மெக்கானிக் குமரேசன் அன்னூர்ப் பக்கத்துக்காரர். நல்ல வேலைக்காரர். கார்டை வாங்கியவர் ஒரு நிமிடம் நின்றார். "அக்கா, தண்ணி கொறையுதுன்னு அவரு சொல்லிட்டு இருந்தாருங்களே?"

"ஊத்தி விட்ருங்க குமரேசன். பழைய வண்டி."

அவர் ஊற்றினார். ஆயில் கேப்பைத் துடைத்தார். கையெழுத்துப் போட்டார். வண்டி இருபது நிமிடத்தில் வெளியே போனது.

3. மூடி

இப்போது எட்டு ஐம்பத்திரண்டுக்குத் திரும்புகிறேன்.

"டிரைவர்கிட்ட குடு" என்றேன் நிவேதாவிடம். மேசைக்கு முன்னால் மூன்று வாடிக்கையாளர்கள். முதலாளி கணினி முன் உட்கார்ந்திருந்தார். யாரும் என் கண்ணில் படவில்லை.

"தண்ணி பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன் தங்கச்சி. வெள்ளன ரெண்டு போத்தல் ஊத்துனேன்."

"டெம்பரேச்சர் முள் எங்க இருக்கு?"

"பாதிக்குக் கீழதான் நிக்குது. ஆனா பொக வருது. பானட்ட தொட முடியல."

"முள் கீழ இருக்குன்னா அப்புறம் என்ன சூடு? ரேடியேட்டர் மூடியத் தொறந்து தண்ணிய ஊத்தி எடுங்க."

"இல்ல தங்கச்சி. அரை மணி சுணங்கட்டும். சூட்டுல தொறக்கக் கூடாது. நான் ஏதாச்சும் வண்டிய மறிச்சு புள்ளைகள ஏத்தி விடப் பாக்குறேன்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. எனக்குக் காதில் விழுந்தது அரை மணி என்ற ஒரு சொல் மட்டும்தான். இரண்டு வருடம் நிவேதா அதிகாலை நாலரைக்கு எழுந்து படித்தது என் கண் முன் வந்தது. தேர்வு அறையின் கதவு மூடுவதும் வந்தது.

"அரை மணி எங்கண்ணே இருக்கு? வயசான காலத்துல தண்ணி பாக்கக்கூடத் தெரியலைன்னா எதுக்கு அடுத்தவங்க புள்ளைங்கள ஏத்திக்கிட்டு வர்றீங்க? நான் ஒர்க் ஷாப்புல இருந்து சொல்றேன். முள் கீழ இருக்கு. தொறங்கன்னா தொறங்க!"

"சரி தங்கச்சி" என்றார்.

கைப்பேசியை எங்கோ வைக்கும் சத்தம். தள்ளிப் போய் அவர் ஏதோ சொன்னது சரியாகக் கேட்கவில்லை. இரும்பு உரசும் சத்தம். அப்புறம் பெரிய சீறல். அதோடு ஒரு அலறல். அழைப்பு அறுந்துபோனது.

அலறியது யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆணா, பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. வண்டி நின்றால் நிவேதா சும்மா ஓரமாக நிற்கிற பெண் இல்லை. பக்கத்தில் போய் எட்டிப் பார்ப்பாள்.

என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள் என்று நானே என் கையால் எழுதி மாட்டியது. குக்கரில் ஆவி அடங்காமல் மூடியைத் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் மொத்தமும் கொதித்து மேலே வரும். இது எனக்குப் பட்டப்படிப்பில் ஒரு பாடம். நிவேதாவுக்கும் பிளஸ் ஒன் புத்தகத்தை ஒட்டி நானே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

முள் விஷயமும் அப்படித்தான். சூட்டைக் காட்டும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் முள்ளும் இறங்கிவிடும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும், முள் குளிர் என்று சொல்லும். வாடிக்கையாளர்களுக்கு நூறு முறையாவது இதைச் சொல்லியிருப்பேன். அன்று என் மகள் ரோட்டில் நின்றபோது அது எதுவும் எனக்கு நினைவில் இல்லை. முள் கீழே இருக்கிறது என்பதை ஒரு வாதமாக எடுத்து ஒரு பெரியவரை அடித்தேன்.

முதலாளி எழுந்து வந்துவிட்டார். "என்னங்க மாலதி, என்ன ஆச்சுங்க? எந்த வண்டி?"

சொன்னேன்.

"நம்மகிட்ட போன வாரம் வந்ததுங்களா? யாரு பாத்தது?"

கார்டு பைலில் இருந்தது. எடுத்தேன். அதில் இரண்டு விஷயம் இருந்தது. மேலே என் வட்டம். கீழே குமரேசனின் கையெழுத்து. கார்டைப் பிடித்திருந்த என் கட்டைவிரல் வட்டத்தின் மேல் இருந்தது. தற்செயலாக இருந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

"குமரேசன்" என்றேன்.

குமரேசன் ஜீப் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். "ஆமாங்க, நான்தானுங்க தொடச்சு விட்டேன்" என்று முதலாளியிடம் சொன்னார். ஜீப்பை எடுத்துக்கொண்டு பாலாடா பக்கம் போனார்.

4. பள்ளி வாசல்

நானும் ஜீப்பில் ஏறப் போனேன். முதலாளி தடுத்தார். "நீங்க ஸ்கூலுக்குப் போங்க. எந்த வண்டில வந்தாலும் அங்கதானுங்க வருவாங்க."

ஒன்பது இருபதுக்குப் பள்ளி வாசலில் நின்றேன். செல்லையா அண்ணனின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றே வந்தது. தேர்வு என்பதால் பெண்கள் மூவரிடமும் கைப்பேசி இல்லை. மற்ற இரண்டு தாய்மார்களின் எண்களும் என்னிடம் இருந்தன. இரண்டு பேரையும் நான் அழைக்கவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரிந்ததால்தான் அழைக்கவில்லை.

ஒன்பது ஐம்பதுக்குக் குமரேசன் அழைத்தார்.

"அக்கா, வண்டி இருக்குதுங்க. ஆளுங்க யாரையும் காணோம். ரேடியேட்டர் மூடி கீழ கெடக்குது. ரோட்டுல காலித் தண்ணி பாட்டில் மூணு கெடக்குதுங்க."

மூன்று பாட்டில். அவை தேர்வுக்குக் கொண்டுபோகிற பாட்டில்கள். நிவேதாவின் பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டியது நான். எதற்காக அத்தனை தண்ணீரையும் ஊற்றியிருப்பார்கள்? யார் மேல்? பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சீறலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுதும்போது இப்போதும் கேட்கிறது.

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் கேரட் மூட்டை ஏற்றிய ஒரு பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் ஒருத்தி மேல் ஒருத்தியாக மூன்று பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நிவேதாவின் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. முகத்தைப் பார்த்தேன். கையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முழுசாக இருந்தாள்.

அவளைப் பிடிக்கப் போனேன். அவள் நிற்கவில்லை.

"அம்மா, செல்லையா தாத்தாவுக்குக் கை வெந்துடுச்சு. நீதான் தொறக்கச் சொன்ன."

அவ்வளவுதான் சொன்னாள். வாசலில் நின்ற ஆசிரியை "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவளை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்த இடத்தில் எனக்குள் நடந்ததை எழுத வேண்டுமா என்று பல நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் இந்தக் குறிப்பு பொய். அலறியது என் மகள் இல்லை, அவர்தான் என்று தெரிந்ததும் என் மனம் முதலில் சொன்ன சொல் 'அப்பாடா'.

பிக்கப்பின் பின்பக்கம், மூட்டைகளின் மேல், ஈரத் துண்டால் வலது கையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தது என் பார்வையின் ஓரத்தில் தெரிந்தது. தெரிந்தும் நான் என் மகள் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படியேறி உள்ளே மறைந்த பிறகு திரும்பினேன். பிக்கப் போயிருந்தது.

அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எங்கெங்கோ கேட்டு அந்த அறையைக் கண்டுபிடிப்பதற்குள் நேரமாகிவிட்டது. "மணிக்கட்டிலேர்ந்து முழங்கை வரைக்கும் வெந்திருந்துச்சு. கட்டுப் போட்டாச்சு. மஞ்சூர் பஸ்ஸுக்குப் போறேன்னு போயிட்டாரு" என்றார் நர்ஸ். "கூட யாரும் வரலையான்னு கேட்டேன். புள்ளைங்கள விட்டுட்டு வந்தேன்னு சொன்னாரு. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

தெரிஞ்சவங்க என்றேன்.

தேர்வு முடிந்து நிவேதா வெளியே வந்தபோது நான் கேட்ட கேள்வி, எப்படி எழுதினாய் என்பது. இருபது நிமிடம் போனதால் கடைசிக் கணக்கு ஒன்றை முடிக்க முடியவில்லை, மற்றது எழுதிவிட்டேன் என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள்.

"ஃபோன் ஸ்பீக்கர்லதாம்மா இருந்துச்சு. நாங்க மூணு பேரும் கேட்டோம். தாத்தா எங்களைத் தூரமாப் போய் நிக்கச் சொல்லிட்டுத்தான் தொறந்தாரு. கை வெந்ததுக்கு அப்புறமும் அவருதான் ஓடிப் போயி அந்தப் பிக்கப்பை மறிச்சாரு. மொதல்ல ஸ்கூலு, பொறகுதான் ஆஸ்பத்திரின்னு டிரைவர்கிட்ட சண்டை போட்டாரு."

மஞ்சூர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள்.

5. திறந்து பார்த்தபோது

மறுநாள், இழுத்து வந்திருந்த வண்டியில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் குமரேசன் கழற்றினார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான்கு சிலிண்டர்களில் மூன்று கரி படிந்து கறுப்பாக இருந்தன. இரண்டாவது மட்டும் கழுவி விட்டதுபோலப் பளபளவென்று இருந்தது. தண்ணீர் அதற்குள் போய் ஆவியாகி அதைக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த இடத்தில், எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் ஒரு நகத்தளவு அரித்திருந்தது.

செல்லையா அண்ணன் சொன்ன மூன்றும் இதைத்தான் சொல்லியிருக்கின்றன. வெள்ளைப் புகை, சிலிண்டரில் வெந்த தண்ணீர். தரையில் ஒழுகாமல் காணாமல் போன தண்ணீரும் அதுவே. ஹீட்டர்தான் எல்லாவற்றையும்விடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குப் பாரம் அதிகம். சிலிண்டரில் எரிகிற வாயு அரித்த இடத்தின் வழியாகத் தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து, ஹீட்டருக்குப் போகும் குழாயில் காற்றாக அடைத்துக்கொள்ளும். சுடுதண்ணீர் ஹீட்டருக்கு வராது. இறங்கும்போது பாரம் குறைந்து காற்று விலகும், சூடு வரும். அந்த மனிதர் எந்தக் கருவியும் இல்லாமல், எஞ்சினைத் திறக்காமல், வளைவு வளைவாகக் கவனித்து நோயை முழுதாகச் சொல்லியிருக்கிறார். நான் அதற்கு ஒரு வட்டம் போட்டேன்.

இன்னொன்று. அது வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற வண்டி இல்லை. ஒரு நடைக்கு முப்பது கிலோமீட்டர் ஓடும் வண்டி. அதில் பனி ஈரம் தங்கவே தங்காது. ஆயில் கேப்பில் ஆடை இருந்தால் அது வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவே வேண்டாம், அவர் மஞ்சூர் என்பது எனக்கே தெரியும்.

புதிதாக வருகிறவர்களுக்கு: பழைய வண்டியில் தண்ணீர் குறைகிறது என்று ஒருவர் சொன்னால் ஊற்றி அனுப்பாதீர்கள். போகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, அதன் பிறகு ஸ்டார்ட் செய்து, உள்ளே குமிழி வருகிறதா என்று பாருங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள். பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். இவ்வளவுக்கும் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வாடிக்கையாளர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே கார்டில் எழுதுங்கள். உங்களுக்கு அது வேடிக்கையாகப் பட்டாலும் எழுதுங்கள்.

குமரேசன் கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, நீங்க வட்டம் போட்டீங்க. நான் தொடச்சேன். ரெண்டு பேருந்தான். ஆனா நேத்து ஓனர் கேட்டப்ப நான் ஒருத்தன்தான்னு ஆயிப்போச்சுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் தாங்க முடியவில்லை.

முதலாளியிடம் போய் கார்டை வைத்தேன். விரலை எடுத்துவிட்டு வைத்தேன். குமரேசன் தண்ணீர் பற்றிக் கேட்டதையும், நான் ஊற்றி விடச் சொன்னதையும், போனில் மூடியைத் திறக்கச் சொன்னதையும் சொன்னேன்.

அவர் கார்டை எடுத்துப் பார்த்தார். "அந்த வட்டத்தை நானும்தானுங்க பாராட்டினேன்" என்றார். பிறகு, "ஏனுங்க மாலதி, இதை நேத்தே சொல்லியிருந்தா குமரேசன் நேத்து சோறு தின்னிருப்பான். மத்தியானம் டப்பாவைத் திறக்காம ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போனான்" என்றார்.

மற்ற இரண்டு தாய்மார்களிடமும் அன்று மாலையே சொன்னேன். ஒருவர் கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். இன்னொருவர், "நீங்க சொன்னீங்கன்னுதான் மாலதி ஏத்துனேன்" என்றார். மீதித் தேர்வுகளுக்குப் பிள்ளைகள் என்னோடு அதிகாலை பஸ்ஸிலேயே வந்தார்கள். நிவேதா வேண்டியதை மட்டும் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்லையா அண்ணனின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவருகில் நின்றார். "ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாத்தப் போயிருக்காரு" என்றார். அவர்கள் வீட்டுக்கு வந்த யாரும் தேத்தண்ணி குடிக்காமல் திரும்பியதில்லை. என்னை உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. நான் வாங்கிப் போன பழங்களை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

6. வந்தவர்

குமரேசன் ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, புதுக் கேஸ்கெட் போட்டு, குன்னூருக்கும் ஊட்டிக்கும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்து வண்டியைத் தயாராக வைத்திருந்தார். செய்தி அனுப்பினோம். பன்னிரண்டாம் நாள் காலை செல்லையா அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வலது கையில் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. சட்டையின் அந்தக் கையை மடித்து மேலே ஊசி குத்தியிருந்தார். வண்டியை ஓட்டிப் போக மருமகனைக் கூட்டி வந்திருந்தார். அவரைக் குமரேசனோடு அனுப்பிவிட்டு என் மேசைக்கு வந்தார்.

நான் எழுந்து நின்றேன். பன்னிரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியத்தை ஆரம்பிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"புள்ள எப்பிடி எழுதுச்சு?" என்று கேட்டார்.

"எழுதியிருக்காண்ணே. ஒரு கணக்குத்தான் விட்டுப்போச்சு."

"ம்" என்றார்.

"அண்ணே, அன்னைக்கு நான்..."

இடது கையை உயர்த்தினார். மேசைக்கு முன்னால் வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

"நாப்பது வருசமா வண்டி ஓட்டுறேன் தங்கச்சி. சூட்டுல மூடியத் தொறக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். நல்லாத் தெரியும். படிச்சவங்க சொல்றாங்களே, இத்தினி வண்டி பாத்தவங்களாச்சே, நமக்கு வெளங்காதது ஏதோ அவங்களுக்கு வெளங்கியிருக்கும்னு நெனச்சுத் தொறந்தேன். அது என்னோட பிழை. இனிமே தொறக்க மாட்டேன். நீங்க சொன்னாலும் தொறக்க மாட்டேன்."